உடைப்பதற்கென்று ஒரு களிமண் உருண்டை

கேள்வி: நாங்கள் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து பதினொரு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கிறோம். வயது 7 முதல் 13 வரை. சனிக்கிழமைகளில் எல்லோரும் ஒரு வீட்டில் கூடுவோம். இந்த ஆண்டு பண்டைய வரலாறு. காகிதப் பிரமிட்டு, அட்டைக் கிரீடம் எல்லாம் செய்தோம். அன்றைக்குச் சந்தோஷம், அடுத்த கிழமை கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. கையால் செய்து படிக்க வேறு வழி உண்டா? செலவு அதிகமாகக் கூடாது.
– ஒரு தாய், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அட்டைக் கிரீடம் செய்கிற பிள்ளை வெட்டவும் ஒட்டவும் பழகுகிறது. எகிப்தைப் பற்றி அந்த வேலையில் ஒன்றுமே இல்லை, அதனால்தான் நினைவில் நிற்கவில்லை. அந்தக் காலத்து மனிதருக்கு இருந்த ஒரு சிக்கலை அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். பாடத்தைப் பிறகு வாசிக்கலாம். செய்த பின் வாசிப்பதுதான் பிள்ளைகளுக்கு உறைக்கிறது என்பது என் அனுபவம். மாதத்துக்கு ஒன்று போதும்.

களிமண்ணில் தொடங்குங்கள். சட்டி பானை செய்கிறவர்களிடம் கேட்டால் பிசைந்த மண் ஒரு வாளி கிடைக்கும். மண் வந்ததும் புத்தகத்தைத் திறக்காமல் ஒரு விளையாட்டை ஆரம்பியுங்கள். ஒரு பிள்ளை வயலின் சொந்தக்காரரான போடியார், ஒரு பிள்ளை அவர் வயலில் வேலை செய்கிற முல்லைக்காரன், இன்னொரு பிள்ளை வண்டிக்காரன், சற்று மூத்த பிள்ளை ஊர் வயல்களை மேற்பார்க்கிற வட்டவிதானை. முல்லைக்காரன் வட்டையிலிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, ஏழு மூடை நெல் அனுப்புகிறான். போடியார் வீட்டு வாசலில் ஆறு மூடைதான் இறங்குகிறது. ஊரில் எவருக்கும் எழுதத் தெரியாது. யார் சொல்வது உண்மை? பத்து நிமிடம் சண்டை பிடிக்க விடுங்கள். வட்டவிதானையால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முன் யூப்பிரட்டீஸ், தைகிரீஸ் ஆறுகளுக்கு இடைப்பட்ட நாட்டில் இதே சண்டை நடந்திருக்க வேண்டும். அங்கே கண்ட வழி இது: ஒரு மூடைக்கு ஒரு சிறு மண்காய் என்று ஏழு காய்களை ஒரு களிமண் உருண்டைக்குள் வைத்து மூடி, மேலே முத்திரையை உருட்டிப் பதித்து, பொருளோடு அனுப்பிவிடுவது. சந்தேகம் வந்தால் உருண்டையை உடைத்து எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகளும் செய்யட்டும். காய்களை இரண்டு நாள் முன்னதாகவே உருட்டிக் காயவைத்துவிடுங்கள். ஈரமாக உள்ளே போட்டால் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் அடுப்புச் சாம்பலில் புரட்டிப் போட்டால் இன்னும் நல்லது. உருண்டையையும் நிழலில் இரண்டு நாள் விட்டுவிட்டுக் காதருகே குலுக்கினால் காய்கள் உள்ளே கலகலவென்று உருளும். அந்தச் சத்தத்துக்காகவே சின்னப் பிள்ளைகள் இன்னொன்று செய்யக் கேட்பார்கள்.

ஒவ்வொரு தடவையும் உடைத்தால் உருண்டை வீணாகிறது. ஆகவே மூடுவதற்கு முன் அதே காய்களை உருண்டையின் வெளிப்புறத்தில் அழுத்தி ஏழு குழி பதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு மேல் நீங்கள் பேசவேண்டாம். எங்கள் முற்றத்தில் இதைச் செய்தபோது ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெளியில்தான் ஏழு குழி இருக்கிறதே, உள்ளே காய் எதற்கு?" என்று கேட்டாள். காயை விட்டுவிட்டு உருண்டையைத் தட்டையாக்கினால் அது எழுத்துப் பலகை. எழுத்து இந்த வழியாகத்தான் பிறந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதே நாட்டின் 'ஊருக்' என்ற பழைய நகரில் கிடைத்த மிகப் பழைய பலகைகளில் பெரும்பாலானவை தானியக் கணக்கும் ஆட்டுக் கணக்கும்தான்.

மூங்கில் குச்சியின் முனையைச் சதுரமாகச் சீவி ஒரு மூலையை மண்ணில் அழுத்தினால் ஆப்பு வடிவம் விழும். அந்த நாட்டு எழுத்து பிற்பாடு இப்படிப்பட்ட ஆப்புகளால் ஆனதுதான். பலகைகளில் ஒன்றை வெயிலில் மட்டும் காயவையுங்கள். மற்றொன்றை ஒரு கிழமை நன்றாகக் காயவிட்டு, பெரியவர் ஒருவர் தணலில் மெதுவாகச் சுடட்டும். ஈரம் இருந்தால் வெடித்துத் தெறிக்கும், பிள்ளைகள் தள்ளி நிற்கவேண்டும். பிறகு இரண்டையும் தண்ணீர் வாளியில் போடுங்கள். காய்ந்தது கரைந்து சேறாகும், சுட்டது கிடக்கும். கி.மு. 612இல் அசீரியரின் தலைநகரான நினிவே எரிந்தபோது, முன்பு அங்கே ஆண்ட அரசன் அசுர்பனிபாலின் பலகைகள் அழியாமல் தப்பியது எப்படி என்பதை அதன் பிறகு சொன்னால் போதும்.

எகிப்தின் பதனிட்ட உடல்களைப் பற்றிப் படிப்பிக்க வெளிநாட்டுக் கையேடுகள் அப்பிள் பழத்தை உப்பில் புதைக்கச் சொல்கின்றன. கருவாடு போடுகிற ஊரில் இருந்துகொண்டு நமக்கு அப்பிள் எதற்கு? ஒரே அளவான இரண்டு சிறு மீன்களைக் குடல் நீக்கிக் கழுவி, ஒன்றை உப்பில் முழுவதும் மூடுங்கள், மற்றொன்றை வெறுமனே விடுங்கள். வலையால் மூடி வீட்டிலிருந்து தள்ளி வைத்து, சமையலறைத் தராசில் நாள்தோறும் நிறுத்து எழுதச் சொல்லுங்கள். வெறும் மீன் இரண்டாம் நாளே நாறத் தொடங்கும், அதை உடனே புதைத்துவிடலாம். உப்பிலிட்ட மீன் நீரை இழந்து எடை குறைந்துகொண்டே வரும். எகிப்தியர் நற்றோன் என்ற இயற்கை உப்பில் உடலை ஏறத்தாழ 40 நாள் வைத்தார்கள். முழுச் சடங்கும் 70 நாள். மீன்களையும் அவர்கள் பதனிட்டுப் புதைத்திருக்கிறார்கள். சோதனை மீனை எவரும் சாப்பிடக்கூடாது, தொட்டவர்கள் சவர்க்காரமிட்டுக் கை கழுவவேண்டும்.

உடைந்த சட்டித் துண்டில் ஆணியால் பெயரைக் கீறுவது ஒரு மணி நேர வேலை. கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்று சாதாரண மனிதரின் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகளும் அந்த எழுத்தில் தங்கள் பெயரை எழுதட்டும். சட்டி மட்டும் உங்கள் குசினியில் உடைந்ததாக இருக்கவேண்டும். நம் மாவட்டத்திலும் அம்பாறையிலும் பழைய குன்றுகளும் கற்குகைகளும் நிறைய உண்டு. அங்கே தோண்டுவதும் ஓடு பொறுக்குவதும் சட்டப்படி குற்றம். அது ஒரு புறமிருக்க, இடத்தை விட்டு எடுத்த ஓடு தன் கதையைப் பாதி இழந்துவிடும். இதை முதல் சனிக்கிழமையே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

மூத்த பிள்ளைகளுக்கு நான் மிகவும் விரும்புகிற வேலை ஒன்று இருக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தில் இருந்த கிரேக்க அறிஞர் எரடோஸ்தெனிஸ், அதே நாட்டில் தெற்கே சையீன் ஊரில் ஆண்டில் ஒரு நாள் நண்பகலில் நிழல் விழாது என்று அறிந்தார். அதே நாளில் அலெக்சாந்திரியாவில் நிழலின் சாய்வு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அதை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணித்தார். மட்டக்களப்புதான் நமக்குச் சையீன். புத்தாண்டுக்கு நான்கைந்து நாள் முன், ஏப்ரல் 9 அல்லது 10இலும், பிறகு செப்டெம்பர் 2 அல்லது 3இலும், பன்னிரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் நட்ட கம்புக்கு நிழல் இராது. (கிணற்றுத் தண்ணீரில் சூரியனைப் பார்க்க விடாதீர்கள், கண்ணுக்குக் கேடு.) அன்றே யாழ்ப்பாணத்தில் ஒருவர் இரண்டு மீற்றர் கம்பை நூல்குண்டு பிடித்து நேராக நட்டு, நண்பகலின் மிகக் குறுகிய நிழலை அளக்கவேண்டும். ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் வரும், ஆனால் அதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இரண்டு ஊர்களுக்கும் நேர் வடக்குத் தெற்குத் தூரம் சுமார் 215 கிலோமீற்றர். பஸ் போகும் தூரம் இதற்கு உதவாது. நிழலுக்குக் கம்பு எத்தனை மடங்கோ, அந்தத் தூரத்துக்குப் பூமியின் ஆரை ஏறத்தாழ அத்தனை மடங்கு. உண்மையான ஆரை ஏறத்தாழ 6,370 கிலோமீற்றர். நிழலின் ஓரம் மங்கலாகத்தான் தெரியும். அரைச் சென்ரிமீற்றர் தவறினால் விடை நானூறு, ஐந்நூறு கிலோமீற்றர் விலகிவிடும். ஆகவே மூன்று பேர் தனித்தனியே அளக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் உங்கள் ஐந்து குடும்பங்களில் யாருக்காவது மச்சாளோ மாமாவோ இருப்பார்கள். இப்போதே பேசி, கம்பையும் அளவுநாடாவையும் ஆயத்தமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.