கோடை விடுமுறையில் சிறு குழந்தைகள்: வாசகர் கேள்வி – பதில்

சித்திரை பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. பள்ளி இல்லாத இத்தனை வாரங்களைச் சிறு குழந்தைகளோடு எப்படிக் கழிப்பது என்பதே அது. மழலையர் வகுப்பில் 32 ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற உரிமையில், இம்முறை நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். 7 வயது மகளையும் 4 வயது மகனையும் மாலை வரை என் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் தளத்தில் இருக்கிறோம். காலை பத்து மணிக்கெல்லாம் இருவரும் ‘போரடிக்குது’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அத்தைக்கு முடியாதபோது கைப்பேசியைக் கையில் கொடுத்துவிடுகிறார். இருவரையும் கோடைப் பயிற்சி முகாமில் சேர்த்துவிடலாமா?
— ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: முகாமைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ‘போரடிக்குது’ என்ற சொல்லைக் கேட்டுப் பதறாதீர்கள். ஒரு விளையாட்டு முடிந்து அடுத்தது இன்னும் தோன்றாத இடைவேளையில் குழந்தை சொல்லும் சொல் அது. அந்த நேரத்தில் பெரியவர் யாரும் குறுக்கே புகாமல் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருந்தால், அழுதுகொண்டோ முனகிக்கொண்டோ சுற்றிவரும் குழந்தை தானாகவே எதையாவது கையில் எடுத்துவிடும் என்பதை வகுப்பறையில் எத்தனையோ முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். எடுப்பதற்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டி வையுங்கள். அதில் கிழிந்த நூல் புடவை ஒன்று, துணி கிளிப்புகள், இரண்டு மூன்று கொட்டாங்குச்சிகள், பழைய கரண்டி, சாக்பீஸ், காலி டப்பாக்கள் ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். புடவையை இரண்டு நாற்காலிகளுக்கு இடையே கட்டிக்கொள்ள மட்டும் அத்தை உதவி செய்தால் போதும். அது வீடாகும், கடையாகும், பேருந்தாகும், ஆஸ்பத்திரியாகும். விலை கொடுத்து வாங்கும் பொம்மைகளில் பெரும்பாலானவை ஒரே வேலையைத்தான் செய்யும் என்பதால், குழந்தை அதை இரண்டே நாளில் மூலையில் போட்டுவிடுகிறது.

அடுத்ததாக, வீட்டு வேலையில் அவர்களுக்கு உண்மையான பங்கு கொடுங்கள். கோடையில் வடாம் போடாத அத்தை உண்டா? அதிகாலையில் கூழ் கிளறி, மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்று, துணி விரித்து அதில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றும்போது இருவரையும் உடன் அழைத்துச் செல்லட்டும். மகள் அச்சில் பிழியலாம். மகனுக்குக் காக்காய் விரட்டும் உத்தியோகம். வெயில் ஏறுவதற்கு முன், படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து, கையில் ஒரு குச்சியோடு காவல் காக்கும் நான்கு வயதுக்காரனின் முகத்தில் இருக்கும் பெருமை எந்தக் கைப்பேசி விளையாட்டிலும் வராது. பாதி காய்ந்த வடாமை அவனே இரண்டு தின்றுவிடுவான், தின்னட்டும். சின்ன வெங்காயம் உரிப்பது, கறிவேப்பிலை உருவுவது, துவைத்த துணிகளில் யாருடையது எது என்று பிரித்து மடிப்பது எல்லாமே அந்த வயதில் விளையாட்டுத்தான்.

அக்னி நட்சத்திரம் மே 4 முதல் 28 வரை என்று பஞ்சாங்கம் சொன்னாலும் வெயில் அதற்கு முன்பே வாட்டத் தொடங்கிவிடுகிறது. ஆகவே ஓடியாடும் ஆட்டங்களைக் காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் பூங்காவின் இரும்புச் சறுக்குமரம் தொடையைச் சுட்டுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மாலை நேரத்துக்கு நான் பார்த்து வியந்த ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். என் பேரனிடம் சுண்ணாம்பு அடிக்கும் பழைய பிரஷ் ஒன்றையும், சின்ன வாளியில் கால்வாசித் தண்ணீரையும் கொடுத்து மொட்டை மாடியில் விட்டோம். பகலெல்லாம் காய்ந்த கைப்பிடிச் சுவரில் அவன் தண்ணீரால் ஒரு யானை வரைந்தான். வாலை வரைந்து முடிப்பதற்குள் தும்பிக்கை காய்ந்து மறைந்துவிட்டது. திரும்பிப் போய்த் தும்பிக்கையை வரைந்தான், அதற்குள் வாலைக் காணோம். இப்படியே ஒரு மணி நேரம் அந்த யானையைத் துரத்திக்கொண்டிருந்தான். முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள், ஏனென்றால் தவழும் குழந்தைக்கும் நடை பழகும் குழந்தைக்கும் அரை வாளித் தண்ணீர்கூட ஆபத்தானது.

கைப்பேசி விஷயத்தில் அத்தையோடு சண்டை வேண்டாம். நாள் முழுவதும் இரண்டு குழந்தைகளோடு இருக்கும் வயதானவருக்கும் ஓய்வு தேவை. 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அத்தை கண்ணயரும் அந்த அரை மணி நேரம் என்று முன்கூட்டியே வரையறுத்துவிட்டால், மற்ற நேரங்களில் கெஞ்சலும் மறுப்பும் தானாகவே குறையும்.

முகாமுக்கு வருகிறேன். நான்கு வயது மகனுக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. மகள் விரும்பிக் கேட்டால் நீச்சல் போன்ற ஏதேனும் ஒன்றில் மட்டும், காலை வேளையில் சேர்த்துவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன், ஓர் ஆசிரியருக்கு எத்தனை குழந்தைகள், குடிநீரும் கழிப்பறையும் எப்படி இருக்கின்றன என்று நேரில் போய்ப் பாருங்கள். ஓவியம், யோகா, ரோபாட்டிக்ஸ், சதுரங்கம் என்று ஒரே மாதத்தில் எட்டு வகுப்புகளுக்கு ஓடும் குழந்தை ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது களைத்துப்போய்த்தான் வகுப்பில் வந்து உட்காரும்.

கேள்வி: பெங்களூரில் வசிக்கும் என் பேரப்பிள்ளைகள் மூவர் (வயது 11, 8, 5) மூன்று வாரம் எங்கள் தோட்டத்து வீட்டில் தங்க வருகிறார்கள். எங்கள் காலத்து விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுக்க ஆசை. ஐந்து வயதுக் குழந்தையும் சேர்ந்து விளையாட முடியுமா?
— ஒரு வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: ஐயா, அந்த மூன்று குழந்தைகளும் கொடுத்துவைத்தவர்கள். வந்த முதல் நாளே நுங்கு வெட்டச் சொல்லுங்கள். கட்டைவிரலால் நோண்டிக் குடித்த பிறகு மிஞ்சும் வெறுங்காய்களில் ஒரே அளவாக இரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு சாண் குச்சியின் இரு முனைகளிலும் செருகி, நடுக்குச்சியைக் கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் நுங்கு வண்டியை உங்களைவிட யார் நன்றாகச் செய்து தரப்போகிறார்கள்? வண்டியைச் செய்து கையில் கொடுத்துவிடாதீர்கள். எந்த இரண்டு காய்கள் சமமாக இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் வேலையை ஐந்து வயதுக்காரரிடமும், கவைக்கம்பு தேடும் வேலையை எட்டு வயதுக்காரரிடமும் விட்டுவிடுங்கள். சக்கரம் கோணலாக ஓடினால் அதையும் அவர்களே சரிசெய்யட்டும்.

வெயில் நேரத்துக்குப் பல்லாங்குழி நல்லது. பக்கத்துக்கு 7 குழி வீதம் 14 குழிகள் கொண்ட பலகை பரணில் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் திண்ணையில் சாக்பீஸால் வட்டம் போட்டாலும் போதும். குழிக்கு ஐந்து, ஆறு என்று ஊருக்கு ஊர் கணக்கு மாறுகிறது. சின்னவருக்கு முதலில் குழிக்கு மூன்று புளியங்கொட்டை மட்டும் வைத்து, எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவதை மட்டும் பழக்குங்கள். முதல் இரண்டு நாள் ஒரே குழியில் இரண்டைப் போட்டுவிடுவார், திருத்த வேண்டாம். வாய்விட்டு எண்ணிக்கொண்டே போடும்போது விரலும் எண்ணும் ஒத்துவந்துவிடும். அதன்பின் வெறுங்குழி வந்தால் துடைத்து அடுத்த குழியை அள்ளுவதையும், நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுப்பதையும் சொல்லிக்கொடுக்கலாம். 3 புலியும் 15 ஆடும் கொண்ட ஆடுபுலி ஆட்டத்தை மூத்தவரோடு நீங்கள் ஆடுங்கள், ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்காமல் ஆடுங்கள். பதினொரு வயதில் தாத்தாவை உண்மையாகவே ஜெயிக்கும் நாள் வாழ்நாள் முழுவதும் நினைவில் நிற்கும். மூவரும் சேர்ந்து ஆட மணலில் குச்சியை ஒளிக்கும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்துக்கு ஈடு இல்லை. அக்கம்பக்கத்தில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருந்தால் புளியங்கொட்டையும் சோழியும் அவர்கள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும், வாயில் போட்டுக்கொண்டு மூச்சடைத்துவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிணறும் வாய்க்காலும் புதியவை, அவற்றின் ஆழம் தெரியாது. தோட்டத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லையென்றால் அவர்கள் வருவதற்கு முன்பே முள்வேலியாவது கட்டிவிடுங்கள். தண்ணீருக்குப் போகும்போது நீச்சல் தெரிந்த ஒரு பெரியவர், கையில் கைப்பேசி இல்லாமல், அவர்களோடு இருக்க வேண்டும். ‘பெரிய பிள்ளை பார்த்துக்கொள்ளும்’ என்று பதினொரு வயதுக் குழந்தையின் மேல் அந்தப் பொறுப்பைச் சுமத்தாதீர்கள்.

கேள்வி: மே மாதம் வாடகைக் காரில் கொடைக்கானல் போகத் திட்டமிட்டிருக்கிறோம். சென்ற ஆண்டு மலை ஏறும்போது 5 வயது மகள் தொடர்ந்து வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டாள். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: கார் வளைந்து வளைந்து ஏறுவதை உள்காது உணர்கிறது, ஆனால் முன்சீட்டின் முதுகையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் அசைவே இல்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம். ஆகவே மகளை வெளியே தூரத்து மலையைப் பார்க்கும்படி உட்கார வையுங்கள். படப்புத்தகமும் கைப்பேசியும் மலைப்பாதையில் வேண்டவே வேண்டாம். வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள், பூரியும் பொங்கலும் கொடுத்தும் ஏற்றாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு, ஓட்டுநரிடம் வளைவுகளில் நிதானமாகப் போகச் சொல்லுங்கள். வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சி போன்ற இடங்களில் இறங்கிக் கால்மணி நேரம் நடக்க விடுங்கள். மாத்திரை வேண்டுமென்றால் குழந்தையின் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில்தான் கொடுக்க வேண்டும், பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கக் கூடாது. களைத்துத் தூங்குகிறாள் என்று நிறுத்திய காருக்குள் அவளைத் தனியே விட்டுவிட்டு யாரும் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். மூடிய காரின் உட்புறம் சில நிமிடங்களிலேயே சூடேறிவிடும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கிளம்பும் முன்பே அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள், வழியில் நின்று குழந்தையோடு தவிக்க வேண்டாம்.

இன்னொரு யோசனையும் உண்டு. பயணம் முதன்மையாக மகளுக்காக என்றால், இந்த ஆண்டு மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பகல் ரயிலில் போய்வாருங்களேன். ரயிலில் வளைவும் இல்லை, குமட்டலும் குறைவு, எழுந்து நடக்கலாம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி கப்பலுக்கு வழிவிட அப்படியே செங்குத்தாக மேலே உயரும். 1914-இல் வந்த பழைய பாலமோ கும்பிடும் கைகளைப் பிரிப்பதுபோல் இரண்டாகத் திறந்தது. இந்த வித்தியாசத்தை முந்தின நாள் இரவே இரண்டு அட்டைத் துண்டுகளை வைத்து அவளுக்குக் காட்டிவிட்டால், மறுநாள் கடலுக்கு நடுவே ரயில் மெதுவாக ஊரும்போது அவள் ஜன்னலை விட்டு அசையமாட்டாள். வெயில் அங்கும் கடுமைதான். மாலையில் மட்டும் கடற்கரைக்குப் போய், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை மறந்துவிட்டு, அவள் போதும் என்று சொல்லும்வரை மணலில் விளையாட விடுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பகல் ரயிலில் இருக்கை வசதியில் போகிறோம். மகனுக்கு 5 வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. அவனுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா? அத்தனை மணி நேரம் அவனை எப்படிச் சமாளிப்பது?
— ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: 5 வயதுக்குக் குறைவான குழந்தைக்குத் தனி இடம் கேட்காதவரை கட்டணம் இல்லை. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டதால் டிக்கெட் எடுத்தாக வேண்டும், தனி இருக்கை என்றால் முழுக் கட்டணம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுவதால் ஜன்னலோர இருக்கைக்கு முந்திக்கொள்ளுங்கள்.

அவனுக்கு நீங்கள் ஒரு ரயில் வரைபடம் தயார் செய்யுங்கள். ஒரு நீளத் தாளில் தண்டவாளம் போல இரண்டு கோடுகள் வரைந்து, குறுக்கே பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, வைகை, தாமிரபரணி என்று ஏழு ஆறுகளை வரிசையாக எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு பாலம் வரும்போதும் அவன் அந்த ஆற்றுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். தண்ணீர் ஓடினால் நீலம், மணலாகக் கிடந்தால் மஞ்சள். கோடையில் மஞ்சள்தான் அதிகம் தேவைப்படும், ‘ஏம்மா தண்ணியே இல்ல?’ என்று அவன் கேட்கும்போது உண்மையான பதிலைச் சொல்லுங்கள். இடையிடையே எழுந்து பெட்டியின் கோடிவரை நடத்திக் கூட்டிப்போய்வாருங்கள். எலுமிச்சை சாதம், வெள்ளரிப்பிஞ்சு, மாற்று உடை ஒன்று, நிறையத் தண்ணீர் ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும். திருநெல்வேலி தாண்டித் தாமிரபரணிக்கு வண்ணம் தீட்டியானதும் தாள் முடிந்துவிட்டது என்று அவன் சோர்ந்துவிடுவான். அப்போது தாளைத் திருப்பிக் கொடுங்கள். வள்ளியூர் கடந்து ஆரல்வாய்மொழியை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் தொடங்கும். ஒன்றுக்கு ஒரு கோடு என்று அவன் போட ஆரம்பிக்கட்டும். நாகர்கோவிலில் இறங்கும்வரை அவனுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.