பூட்டு உடையவில்லை, சரக்கு மட்டும் குறைகிறது

கேள்வி: கரூரில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். மார்ச் கடைசியில் ஸ்டாக் எடுத்தபோது சுமார் 1.8 லட்சம் ரூபாய் சரக்கு குறைகிறது. ஷட்டர், பூட்டு எல்லாம் சரியாக இருக்கின்றன. இன்சூரன்ஸில் பணம் வராது என்கிறார்கள். ஸ்டேஷனில் வழக்குப் போடாமல், புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இன்சூரன்ஸ்காரர் சொல்வது கசப்பாக இருந்தாலும் சரிதான். கடைக்காரர்கள் பெரும்பாலும் எடுத்து வைத்திருப்பது பர்க்லரி பாலிசி. பூட்டை உடைத்தோ, சுவரைத் துளைத்தோ, ஆளை மிரட்டியோ எடுத்துப் போனால்தான் அதில் பணம் கிடைக்கும். உடைப்போ மிரட்டலோ இல்லாத திருட்டு அந்த பாலிசிக்குள் வராது என்று, யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் தொடர்பான வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலையாள் கைவைப்பதற்கு ஃபிடிலிட்டி கேரண்டி என்று தனி பாலிசி உண்டு. அடுத்த முறை புதுப்பிக்கும்போது கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்டாக் எடுத்தபோது குறைந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த பாலிசியிலும் பணம் வாங்குவது கஷ்டம்.

போலீஸ் விஷயமும் இதை ஒட்டித்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது), சாதாரணத் திருட்டுக்கு (பிரிவு 303) 3 ஆண்டு வரை சிறை. முதலாளியின் பொருளை வேலையாள் திருடினால் (பிரிவு 306) 7 ஆண்டு வரை. எது, எப்போது, எந்த அலமாரியிலிருந்து போனது என்று எழுதிக் கொடுங்கள். வெறும் தொகையை எழுதினால் சிஎஸ்ஆரோடு நின்றுவிடும். அப்படியும் எஃப்ஐஆர் போட மறுத்தால் மாவட்ட எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பலாம்.

அதற்கு முன் ஒன்று: போனது திருட்டில்தானா? பண்டல் பிரிக்கும்போது எண்ணுகிறீர்களா? இன்வாய்ஸில் 48 பீஸ், உள்ளே 46 என்று வருவது இந்தத் தொழிலில் புதிதில்லை. எம் சைஸுக்கு எல் சைஸ் பார்கோடு ஒட்டினாலும் கணக்கு உதைக்கும்.

அடுத்து கல்லா. நான் முதலில் பார்ப்பது கேன்சல் ஆன பில்களைத்தான். 650 ரூபாய் சட்டையை ஒருவர் ரொக்கம் கொடுத்து வாங்கி, பில் வாங்காமலே போய்விடுகிறார். அவர் படி இறங்கியதும் பில் கேன்சல். பணம் பாக்கெட்டில்; கம்ப்யூட்டர் கணக்கில் அந்தச் சட்டை இன்னும் அலமாரியிலேயே இருக்கிறது. வருஷக் கடைசியில் எண்ணினால் இல்லை! கேன்சல், ரிட்டர்ன் இரண்டுக்கும் பாஸ்வேர்டை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேன்சல் பட்டியலைத் தேதி, நேரம், பில் போட்டவர் வாரியாக எடுத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வாடிக்கையாளர் போல வருபவர்கள் வேறு வகை. கூட்டமாக வந்து, ஒருவர் பத்துப் புடவையை விரிக்கச் சொல்வார், இன்னொருவரின் கட்டைப்பை நிறையும். பையை வாசலில் வாங்கி வையுங்கள். டிரையல் ரூமுக்கு எத்தனை உருப்படி போகிறதோ அந்த எண்ணுள்ள டோக்கன் கொடுங்கள். பண்டிகை நாளில் கவுண்டருக்கு ஓர் ஆள் கூடுதலாக நிற்கட்டும்.

வருஷத்துக்கு ஒருமுறை எண்ணுவதை விட்டுவிடுங்கள். விலை கூடிய இருபது ரகத்தைத் தினமும் கடை சாத்தும்போது எண்ணுங்கள். எந்த ரகம், எந்த நாளில் குறைகிறது என்று தெரிந்தால் கேமராவில் பார்க்க வேண்டிய நேரம் சில மணிகளாகச் சுருங்கிவிடும். அதுவரை யார் மேலும் பழி போடாதீர்கள். அறையில் உட்காரவைத்து எழுதி வாங்குவது, சம்பளத்தைப் பிடிப்பது எல்லாம் வழக்கை உங்கள் பக்கமே திருப்பிவிடும்.

கேமரா பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியைக் கல்லாவுக்கு அடியில் வைக்காதீர்கள். பூட்டை உடைத்து வருகிறவர்கள் கையோடு அதையும் தூக்கிப்போகிறார்கள். பழைய பதிவு தானாக அழிந்துவிடும் என்பதால், சந்தேகமான நாளின் பதிவை இன்றே தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்துவிடுங்கள். டிவிஆரின் தேதியும் மணியும் சரியா என்று பாருங்கள். நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும். பதிவை எடுக்கும் நாளிலேயே வக்கீலிடம் அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.