ஆதார் கார்டில் மின்னும் ஹாலோகிராமில் என்ன இருக்கிறது?

ஆதார் பிவிசி கார்டின் ஹாலோகிராமுக்குள் நம் விவரங்கள் பதிந்திருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அது முத்திரை மாதிரிதான். ஒரு மூல அச்சிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை மெல்லிய படலத்தில் அழுத்தி எடுக்கிறார்கள். அந்த வரிகளில் வெளிச்சம் பட்டு வளைந்து பிரிவதால்தான், கார்டைச் சாய்த்தால் நிறமும் உருவமும் மாறுகின்றன. ஜெராக்ஸ் எந்திரம் ஒரே கோணத்தில்தான் பார்க்கும். நகலில் அந்த மினுக்கம் வராது.

பெயர், முகவரி, புகைப்படம் எல்லாம் இருப்பது க்யூஆர் கோடில், ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு. ஓர் எழுத்தை மாற்றினாலும் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்யும்போது மாட்டிக்கொள்ளும்.

சரி, மினுமினு ஸ்டிக்கரைப் போலியாக ஒட்ட முடியாதா? முடியும். அவசரத்தில் பார்ப்பவரை ஏமாற்ற அதுவே போதும். வீட்டுக்குக் குடிவருபவரின் கார்டு என்றால் ஸ்கேன் செய்தே பாருங்கள்.