மனசு வரட்டும் என்று காத்திருக்கலாமா? – கேள்வி பதில்

கேள்வி: அக்கா, துணிப்பை தைத்து விற்கிறேன். வியாபாரம் சுமாராக ஓடுகிறது. இன்னும் நன்றாகச் செய்ய ஆசைதான், ஆனால் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மனசே வருவதில்லை. ஊக்கத்துக்கு என்ன வழி?

பதில்: "இன்னும் நன்றாக" என்று மட்டும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கை எதைத் தொடும்? "கைப்பிடி சேரும் இடத்தில் நூல் பிரிகிறது" என்று சொல்லுங்கள், உடனே செய்ய ஒரு வேலை கிடைத்துவிடும். அடுத்து தைக்கும் பைகளில் அந்த இடத்தை மட்டும் சதுரமாகச் சுற்றித் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போல ஒரு தையல் போடுங்கள். வேறெதையும் மாற்றவேண்டாம். பழைய பை ஒன்றையும் புதியது ஒன்றையும் மாட்டி, இரண்டிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் மனசு வரும். ஹார்வர்ட் பேராசிரியர் டெரெசா அமபிலே, நிறுவனங்களில் படைப்பு வேலை பார்த்த 238 பேரிடமிருந்து ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை வாங்கி ஆராய்ந்தார். உற்சாகமான நாட்களில் மற்ற எதையும்விட அதிகமாகத் தென்பட்டது, தனக்கு முக்கியமான வேலையில் சிறிதாவது முன்னேறியதுதான்.

கேள்வி: பத்து வருஷமாகப் படம் வரைகிறேன். தினமும் வரைந்தும் அதில் பாதிக் காலமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ஏன்?

பதில்: வராததை ஒதுக்கிவைக்க நன்றாகக் கற்றுக்கொண்டிருப்பீர்கள், அதனால்தான். விரல் வரைய வராதவர்களின் படங்களைக் கவனியுங்கள்: எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோ பாக்கெட்டில் விட்டுக்கொண்டோ நிற்பார்கள்! உங்கள் கடைசி முப்பது படங்களை வரிசையாக விரித்துப் பாருங்கள். எது ஒன்றிலுமே இல்லையோ, அதுதான் உங்கள் பாடம்.

உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லின் இசைக் கல்லூரியில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் "பத்தாயிரம் மணி நேரம் பழகினால் யாரும் வல்லவராகலாம்" என்ற பேச்சு கிளம்பியது. எரிக்சனே அந்தச் சுருக்கத்தை ஏற்கவில்லை. அவர் வலியுறுத்தியது குறையைக் குறிவைத்த பயிற்சியை. அதற்காகப் பயிற்சியே எல்லாம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இசைத் திறமையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 21 சதவீதத்தைத்தான் அத்தகைய பயிற்சி விளக்கியது. அது எனக்குக் குறைவாகத் தெரியவில்லை. நம் கையில் இருப்பதும் அது ஒன்றுதானே.

இன்னொன்று: ஆர்டர் படத்தில் கற்றுக்கொள்ளப் பார்க்காதீர்கள். கெடு நெருங்கினால் யாராக இருந்தாலும் பழகிய வழிக்கே திரும்புவார்கள். யாருக்கும் காட்டாத நோட்டு ஒன்று தனியாக இருக்கட்டும்.

கேள்வி: கதை எழுதுகிறேன். படித்தவர்கள் எல்லோரும் "நல்லா இருக்கு" என்கிறார்கள். குறை என்னவென்றே தெரியாமல் எதைத் திருத்துவது?

பதில்: "எப்படி இருக்கு?" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். "எந்த இடத்தில் ஒரு பத்தியைத் தாண்டிப் போனீர்கள்?" என்று கேளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் அமெரிக்கத் தலைவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் பிராங்க்ளின் இளமையில் செய்ததைச் செய்யலாம். பிடித்த கட்டுரையின் கருத்துகளைச் சுருக்கக் குறிப்பாக எழுதி, சில நாள் தள்ளிவைத்து, தன் சொற்களில் திரும்ப எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். குறை தானே முன்னால் வந்து நிற்கும்.

கேள்வி: ஆசைக்காக மரப்பொம்மை செதுக்கிக்கொண்டிருந்தேன். விற்க ஆரம்பித்ததும் அந்த ஆசை போய்விட்டது. இது சகஜமா?

பதில்: சகஜம்தான். உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட சோதனையில், வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகள் சிலரிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னாளில் அந்தக் குழந்தைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களைவிடக் குறைந்துபோனது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆனால் நீங்கள் குழந்தை இல்லை, செலவுக்குப் பணம் வேண்டும். ஆகவே விற்பதை விடாதீர்கள். விலையே சொல்லாத பொம்மை ஒன்று எப்போதும் மேஜையில் பாதியில் கிடக்கட்டும். புதிய உளி, புதிய மரம், கிறுக்குத்தனமான யோசனை எல்லாவற்றையும் அதில் பரீட்சித்துப் பாருங்கள்.

கேள்வி: மோசமான விமர்சனம் ஒன்று வந்தால் இரண்டு நாள் வேலையே ஓடுவதில்லை. படிக்காமலே விட்டுவிடட்டுமா?

பதில்: வர வர உடனுக்குடன் படிக்காதீர்கள். வாரம் ஒருமுறை மொத்தமாகப் படியுங்கள். க்ளூகர், டிநிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் தொகுத்த ஆய்வுகளில், பின்னூட்டம் சராசரியாகப் பலன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேரங்களில் வேலையைக் கெடுத்திருந்தது. கவனம் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவன்" என்ற பக்கம் திரும்பினால் பலன் குறையும் என்பது அவர்கள் விளக்கம். எனவே "மட்டமான ஆள்" என்பதை அடித்துவிடுங்கள். "மூடி இறுகவில்லை" என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஆளும் மூடியைச் சொன்னால் அதுதான் அடுத்த வேலை.

கேள்வி: விற்பனை படுத்துவிட்டது. பெயர்ப்பலகை, பெட்டி, விலை எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றலாமா?

பதில்: வேண்டாம். எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது. மிக மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம், நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் கொஞ்சம் எழும். அந்தப் பெருமையைப் புதிய பெட்டி தட்டிக்கொண்டு போய்விடும்.

கேள்வி: நான் செய்யும் மாற்றங்களை வாங்குபவர்கள் கவனிப்பதே இல்லை. பிறகு எதற்காக மெனக்கெடுவது?

பதில்: அந்த மாற்றத்தால் உங்களுக்கு நேரமோ பொருளோ மிச்சமாகிறதா? அப்படியானால் அவர்கள் கவனிக்க வேண்டியதே இல்லை. அதுவும் இல்லையென்றால் தாராளமாக விட்டுவிடுங்கள், எல்லாவற்றையும் மெருகேற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்று சட்டமா? கடைசியாக வந்த இருபது விசாரணைகளை எடுத்துப் படியுங்கள். "எவ்வளவு நாளில் வரும்?", "துவைக்கலாமா?" என்று ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருக்கும். முதலில் அதைக் கவனியுங்கள்.