கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட தளபதி: துரோகியா, விசுவாசியா?

கேள்வி: சரித்திர நாவல் ஒண்ணு எழுதிட்டு இருக்கேன் சார். முற்றுகையில மாட்டின கோட்டை, உள்ள இருக்கிற தளபதி எதிரி குடுத்த பொன்னை வாங்கிட்டு ஒரு ராத்திரி கதவைத் திறந்துவிட்டுடறான். படிக்கிறவங்கள்ல பாதி பேர் அவனை துரோகின்னும் மீதி பேர் இல்லவே இல்லைன்னும் சண்டை போடணும்னு ஆசை. ஆனா படிச்சுப் பார்த்த நண்பர்கள் எல்லாருமே "சரியான வில்லன்"னு முடிச்சிட்டாங்க. எங்க தப்பு? கடைசில வர்ற விசாரணை சீனுக்கும் ஏதாவது சொல்லுங்க.

பதில்: தப்பு அந்தப் பொன்லதான் இருக்கு. காசு கைமாறினதும் வாசகன் தீர்ப்பு எழுதி பேனாவை மூடிடுவான், அப்புறம் நீங்க எவ்வளவு உருக்கமா எழுதினாலும் வேலைக்கு ஆகாது. அர்த்தசாஸ்திரத்துல எதிரி நாட்டுல யாரை நம்ம பக்கம் இழுக்கலாம்னு நாலு வகை சொல்லியிருக்கு: கோபத்துல இருக்கிறவன், பேராசைக்காரன், பயந்தவன், கர்வம் பிடிச்சவன். நீங்க ரெண்டாவதை எடுத்திருக்கீங்க, கதைக்கு இருக்கிறதுலயே சப்பையானது அதுதான். கோபத்தையோ கர்வத்தையோ எடுத்தாக்கூட கொஞ்சம் தேறும். ஆனா உங்களுக்கு வேண்டிய சண்டை இந்த நாலுலயும் இல்லை, அஞ்சாவதா ஒண்ணு இருக்கு, அதுதான் இன்னொரு விசுவாசம்.

கொஞ்சம் விளக்கமா சொல்றேன். எதிரி துரோகம் பண்ண முடியாது, அவன் பண்றது வெறும் பகை. துரோகம்னு ஒண்ணு நடக்கணும்னா அதுக்கு முன்னாடி நம்பிக்கைன்னு ஒண்ணு இருந்திருக்கணும். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்னவங்களைப் பத்தின உடையார்குடிக் கல்வெட்டு காட்டுமன்னார்கோயில் அனந்தீஸ்வரர் கோயில்ல இருக்கு, ராஜராஜனோட 2-ஆம் ஆட்சியாண்டு. அதுல அவங்களை பகைவர்னு சொல்லலை, "துரோகிகளான"ன்னு வெட்டியிருக்காங்க. ஏன்னா பேரைப் பாருங்க, ஒருத்தன் பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன், சோழன் பேர்லயே பட்டம், அரசாங்கத்துல இருந்தவன். அதே வரிசையில இன்னொருத்தன் ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பஞ்சவன்னா பாண்டியன். கரிகாலன் பாண்டியன் தலையை எடுத்தவன். அப்போ ரவிதாசன் சோழனுக்கு துரோகியா, பாண்டியனுக்கு விசுவாசியான்னு கேட்டா இன்னிக்கும் ரெண்டு பக்கமும் ஆள் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது இந்த மாதிரி ஒரு பட்டம், ஒரு பேர்.

இலக்கியத்துல இதுக்கு கம்பனை விட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்லை. விபீஷணன், கும்பகர்ணன் ரெண்டு பேருமே சீதையைக் கொண்டுவந்தது தப்புன்னு சபையில ராவணன் முகத்துக்கு நேராவே சொன்னவங்க, அதாவது கருத்துல ரெண்டு பேரும் ஒரே கட்சிதான். போர்க்களத்துல தம்பி வந்து ராமன்கிட்ட வந்துடுண்ணான்னு கூப்பிடறப்போ கும்பகர்ணன் சொல்றது, நீர்க்கோலம் மாதிரியான இந்த வாழ்க்கைக்கு ஆசைப்பட்டு, இத்தனை நாள் என்னை வளர்த்து, போர்க்கோலமும் பூட்டி அனுப்பினவனுக்கு உயிரைக் குடுக்காம நான் வரமாட்டேன். தண்ணி மேல போட்ட கோலம்னு அந்த வாழ்க்கையோட மதிப்பும் அவனுக்கே தெரியுது! நான் ஒவ்வொரு தடவையும் நின்னுடற இடம் அதுக்கு அடுத்த ரெண்டு அடி. என் துயரம் தீரணும்னா நீ சீக்கிரமா போய் ராமனோட சேர்ந்துக்கோன்னு தம்பியை அவனே அனுப்பறான். விசுவாசின்னு ஊர் சொல்றவன், துரோகின்னு ஊர் சொல்றவனை வழியனுப்பி வைக்கிறான், ஒரே பாட்டுல.

விபீஷணனுக்கும் ஒரு நியாயம் இருக்கு, அவன் ராத்திரியோட ராத்திரியா கதவைத் திறக்கலை, சபையில பேசி, அவமானப்பட்டு, நாலு துணைவர்களோட எல்லாரும் பார்க்கத்தான் வெளியேறினான். ஒளிவு இல்லை. ஆனா போன இடத்துல இந்திரஜித் நிகும்பலையில யாகம் பண்றதைக் காட்டிக் குடுத்தானே, அங்கதான் எனக்கு இடிக்குது. விலகறது வேற, கூட இருந்தப்போ தெரிஞ்சுக்கிட்டதை எடுத்துக் குடுக்கறது வேற. உங்க தளபதி இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கறான்னு நீங்க முதல்ல முடிவு பண்ணிக்கோங்க.

சரி, கோட்டைக்கு வருவோம். உங்க கதைக்குன்னே நடந்த மாதிரி ஒரு சம்பவம் இருக்கு. 1870-ல பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர், பிரெஞ்சு மார்ஷல் பசேன் பெரும்படையோட மெட்ஸ் கோட்டை நகரத்துல முற்றுகையில மாட்டிக்கிறார். செப்டம்பர் 2-ஆம் தேதி செடான்ல பேரரசர் மூணாம் நெப்போலியனே எதிரி கையில சிக்கிடறார், 4-ஆம் தேதி பாரிஸ்ல குடியரசுன்னு அறிவிச்சிடறாங்க. பசேன் உறுதிமொழி எடுத்தது பேரரசருக்கு, அந்தப் பேரரசே இப்போ இல்லை, பாரிஸ்ல இருக்கிற புது ஆளுங்களை அரசாங்கம்னே அவர் ஏத்துக்கலை. உள்ள குதிரையை அடிச்சு சாப்பிடற நிலைமை. அக்டோபர் 27-ஆம் தேதி சரணடையறார். ஊரே துரோகின்னு காறித் துப்புச்சு, 1873-ல ராணுவ நீதிமன்றத்துல விசாரணை, அங்க அவர் சொன்னது, அரசாங்கம்னு ஒண்ணு இல்லாமப் போச்சே நான் என்ன பண்றது. தலைமை வகிச்ச ஒமால் பிரபு திருப்பிக் குடுத்த பதில், பிரான்ஸ் இருந்துச்சே! அவ்வளவுதான், உங்க மொத்த நாவலும் இந்த ரெண்டு வரிக்குள்ள அடங்கிடும். கையில இருந்த வழியெல்லாம் தீர்றதுக்கு முன்னாடியே சரணடைஞ்சார்னு மரண தண்டனை குடுத்தாங்க, அதை 20 வருஷ சிறையா குறைச்சது அப்போ ஜனாதிபதியா இருந்த மக்மஹோன், அவரே செடான்ல தோத்த படைக்குத் தளபதி! பசேன் அடுத்த வருஷமே தீவுச் சிறையில இருந்து தப்பிச்சு ஓடிட்டார்.

அதனால நீங்க பண்ண வேண்டியது, பொன்னை எடுத்துட்டு, கதவு திறக்கிற சீனுக்கு ரொம்ப முன்னாடி அவன் சத்தியம் பண்ற சீனை எழுதுங்க. யாருக்கு சத்தியம் பண்றான், ராஜாவுக்கா, கோட்டைக்கா, உள்ள இருக்கிற ஜனங்களுக்கா? மூணும் ஒண்ணுன்னு அன்னிக்கு அவனும் நினைக்கணும் வாசகனும் நினைக்கணும், முற்றுகை இறுகறப்போ மூணும் தனித்தனியா பிரியணும். அவனுக்கு ராஜா என்ன குடுத்தான்ங்கறதும் வேணும். ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி ரேடியோவுல பிரிட்டனுக்கு எதிரா பிரசாரம் பண்ணின வில்லியம் ஜாய்ஸை 1946-ல பிரிட்டன் தூக்குல போட்டுச்சு, ஆளு அமெரிக்காவுல பிறந்தவன், பொய் சொல்லி பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கியிருந்தான், ஆனா அந்த பாஸ்போர்ட் செல்லுபடியா இருந்த வரைக்கும் பாதுகாப்பு இருந்துச்சுல்ல, அப்போ விசுவாசமும் கடன்தான்னு தீர்ப்பு. நம்ம பாஷையில சொன்னா பாஸ்போர்ட்டும் செஞ்சோறுதான். உங்க ராஜா சோறு அனுப்பறதை எந்த மாசம் நிறுத்தினான்?

விசாரணை சீனுக்கு, துரோகத்தை நிரூபிக்கிறது எவ்வளவு வழுக்கலான வேலைங்கறதைக் காட்டுங்க. அமெரிக்க அரசியல் சாசனம் ஒரே வெளிப்படையான செயலைப் பார்த்த ரெண்டு சாட்சி வேணும், இல்லைன்னா நீதிமன்றத்துல ஒப்புதல் வேணும்னு சொல்றது சும்மா இல்லை, மனசுல நினைச்சான்னு சொல்லியே ஆளைக் கொன்ன அனுபவம் இங்கிலாந்துல நிறைய இருக்கு. 1535-ல ராஜாவோட முன்னாள் அமைச்சர் தாமஸ் மோர், ராஜாதான் திருச்சபைக்கும் தலைவரான்னு கேட்டப்போ வாயைத் திறக்காமலே இருந்தார், கடைசில ரிச்சர்ட் ரிச்னு ஒருத்தன் சிறையில என்கிட்ட இப்படி சொன்னார்னு சாட்சி சொன்னான். அன்னிக்கு அவர் புத்தகங்களைப் பறிமுதல் பண்ண வந்த பால்மரைக் கூப்பிட்டு விசாரிச்சா, நான் புத்தகத்தை மூட்டை கட்டிட்டு இருந்தேன், பேச்சு காதுல விழலைன்னுட்டான். மோரோட மருமகன் எழுதி வெச்சது இது. இந்த மாதிரி ஒரு மூட்டைக்காரன் உங்க சீன்ல கண்டிப்பா வேணும், கதவு திறந்த சத்தம் கேட்டுச்சான்னு கேட்டா நான் விளக்குக்கு எண்ணெய் ஊத்திட்டு இருந்தேன்னு சொல்ற ஒருத்தன்.

தண்டனை பத்தி ஒண்ணு. தலையை வெட்டறதோட முடிச்சிடாதீங்க. உடையார்குடிக் கல்வெட்டுல கொலைகாரங்க நிலம் மட்டும் பறிபோகலை, தாய்மாமன், பொண்ணு குடுத்த மாமனார், கூடப்பிறந்தவளைக் கட்டினவன், மகளைக் கட்டினவன் வரைக்கும் சொத்து போகுது. அந்த அமெரிக்க சாசனம் இதையேதான் தடுக்குது, துரோகின்னு தண்டிச்சாலும் அது அவன் வாரிசுகளைத் தொடரக் கூடாதுன்னு. உங்க நாவல்ல அந்தத் தளபதிக்கு ஒரு மகள் இருக்கான்னு எழுதியிருந்தீங்கன்னா, கதவு திறக்கிறதுக்கு முந்தின வாரம் அவளுக்குக் கல்யாணம் வைங்க.