அப்பாவின் என்ஜின் சுற்றவில்லையா? முதலில் பிளையரைக் கீழே வையுங்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: அவருடைய அப்பா என்சிசி விமானப் பிரிவில் மாடல் விமானம் பறக்கவிட்டவராம். டிரங்குப் பெட்டியைத் திறந்தால் இரண்டு குட்டி என்ஜின்கள். ஒன்று கல்கத்தாவில் செய்த அரோரா, தலையில் டி வடிவத் திருகு. இன்னொன்று ஜப்பானின் ஓ.எஸ்., தலையில் சின்ன பிளக். இரண்டுமே இறுகிக் கிடக்கின்றன. ஓட வைக்கலாமா, இல்லை கண்ணாடி அலமாரிதானா?

ஓட வைக்கலாம். பெரும்பாலும் அவை கெட்டே போயிருக்காது, உள்ளே இருப்பது காய்ந்த விளக்கெண்ணெய். இந்த என்ஜின்களுக்கு ஆயில் தனியாக ஊற்றுவதில்லை, எரிபொருளிலேயே ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், கடைசியாக ஓட்டியவர் துடைக்காமல் பெட்டியில் போட்டுவிட்டால் வருடக்கணக்கில் அது வார்னிஷ் மாதிரி இறுகிப் பிஸ்டனைச் சிலிண்டரோடு ஒட்டிவிடும். அதே படலம்தான் பல என்ஜின்களைத் துருவிலிருந்து காப்பாற்றியும் வைத்திருக்கிறது.

எல்லோரும் செய்யும் தப்பு, புகைபோகும் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பிஸ்டனை நெம்புவது. பதினாறு வயதில் நானும் ஒன்றை இப்படித்தான் கொன்றேன். இந்தப் பழைய பிஸ்டன்களில் பெரும்பாலும் ரிங் கிடையாது, சிலிண்டரோடு இழைத்துப் பொருத்திய பொருத்தம்தான் எல்லாம், அதில் ஒரு கீறல் விழுந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் திறன், போய்விடும். புரொப்பல்லர் மாட்டும் தண்டான கிராங்க் ஷாஃப்டைக் குறட்டால் பிடித்து முறுக்குவதும் வேண்டாம்.

சூடு போதும். அரோராவின் மேல் திருகை (கம்ப்ரஷனைக் கூட்டிக் குறைப்பது அதுதான்) இரண்டு சுற்று தளர்த்துங்கள், மரப் புரொப்பல்லர் ஒன்றை மாட்டுங்கள், ஹீட் கன்னாலோ நல்ல ஹேர் டிரையராலோ சிலிண்டரைச் சுற்றிச் சுடுங்கள். தொட முடியாத சூடு வந்ததும் தடிமனான கையுறையோடு புரொப்பல்லரை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். அசையவில்லையா, இன்னும் கொஞ்சம் சூடு. விசை கூட்டாதீர்கள், சூட்டைக் கூட்டுங்கள். நூலளவு நகர்ந்தால் அப்புறம் வழிக்கு வந்துவிடும். ஆனால் சுடும்போது பக்கத்தில் மெத்தனால், பெட்ரோல் எதுவும் இருக்கக் கூடாது. சுத்தம் செய்து முடித்ததும் கம்ப்ரஷனே இல்லாதது போலத் தோன்றினால் பயப்படாதீர்கள், ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றினால் பல நேரம் திரும்பி வரும்.

இப்போது எரிபொருள். அரோராவை டீசல் என்றுதான் சொல்வோம், ஆனால் பங்க் டீசலை ஊற்றினால் வேலைக்கு ஆகாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சம பங்கு. விளக்கெண்ணெய் மண்ணெண்ணெயோடு லேசில் சேராது, இரண்டையும் சேர்த்து வைப்பதும் ஈதர்தான், அமுக்கினாலே பற்றிக்கொள்வதும் ஈதர்தான். அதன் ஆவி கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் அடுப்பில் பற்றும், அதனால் வீட்டுக்குள் கலக்கும் எண்ணமே வேண்டாம், ஹாபி கடையில் கலந்து விற்பதைக் கேளுங்கள்.

ஓ.எஸ். வேறு சாதி. 1936இல் ஒசாகாவில் ஷிகெயோ ஓகாவா தொடங்கிய கம்பெனி. உங்களுடையது குளோ பிளக் என்ஜின், 1947இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த அதே சங்கதி: ஒன்றரை வோல்ட் கொடுத்துக் கம்பியைச் சிவக்க வைத்தால் போதும், ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம், கம்பியில் உள்ள பிளாட்டினமும் மெத்தனாலும் சேர்ந்து தணலை அணையவிடாது. இதற்கு மெத்தனாலோடு ஐந்தில் ஒரு பங்காவது எண்ணெய் வேண்டும். மெத்தனால் வாங்குவதுதான் தலைவலி. 2024 கள்ளக்குறிச்சிக்குப் பிறகு காரணம் சொல்ல வேண்டியதில்லை. குடித்தால் மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும், வெயிலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. முறையாகக் கிடைக்கும்வரை ஓ.எஸ். காத்திருக்கட்டும்.

அரோராவை முதலில் ஓட்டுங்கள். ஒன்றரை சிசி என்றால் 8க்கு 4 புரொப்பல்லர், அதாவது எட்டு அங்குல விட்டமும் நாலு அங்குல பிட்ச்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் அளவு) உள்ளது, சரியாக இருக்கும். கனமான பலகையில் நட்டு போட்டு இறுக்குங்கள், மேசையில் கையால் பிடித்து ஓட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள். எரிபொருள் வரத்தை அளக்கும் நீடில் வால்வை மூன்று சுற்று திறந்து, புகைத்துளையில் ஒரு சொட்டு எரிபொருள் விட்டுப் புரொப்பல்லரைத் தட்டிச் சுற்றுங்கள், பற்றும்வரை மேல் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். புரொப்பல்லர் திடீரென்று கல் மாதிரி நின்றால் உள்ளே எரிபொருள் தேங்கியிருக்கிறது, மீறித் தட்டினால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும், திருகைத் தளர்த்தி வெளியேற்றுங்கள். எலெக்ட்ரிக் ஸ்டார்டர் பக்கம் போகவே வேண்டாம். பற்றிக்கொண்டதும் திருகைக் கால் சுற்று போலத் திரும்ப எடுத்தால் சத்தம் சீராகும். அதைக் கேட்க முகத்தைச் சுழலும் தளத்துக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள், பின்னால் நில்லுங்கள்.

மிச்ச எரிபொருள் தீரும்வரை ஓடவிட்டு, நின்றதும் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுச் சுற்றி, துணியில் சுற்றி வையுங்கள். அப்பா அன்றைக்கு இதை மறந்திருப்பார்.