அஞ்சு வருடம் முடியட்டும், பிறகு கடிதம் கொடுங்கள்

தம்பி, வாகரைப் பக்கம் வெயிலில் அலைந்து நீங்கள் சேர்த்த கடன் நிலுவையை மனேஜர் மாதக் கூட்டத்தில் தன் ஆளின் பெயரில் வாசித்தார், நாலரை வருடம் உழைத்த இடத்தின் படி மிதிக்கவே மனமில்லை, நாளைக்கே விலகட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். கம்பனியில் மொத்தம் 15 பேராவது இருந்தால், இலங்கையின் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஆறு மாதத்துக்காக அதை ஏன் விடுவான்?

நானும் கல்முனையில் ஒரு லீசிங் கிளையில் இருந்தவன். எங்கள் மனேஜர் கெட்டவரில்லை, யார் முதலில் வந்து காதில் போட்டாலும் அதையே நம்புவார், அவ்வளவுதான். அதனால் வெளியில் அலைந்த எங்களை விட, கந்தோரிலேயே இருந்து அவருக்கு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தவன் பெரியாளானான். ஒரு வருடத்துக்குள் நாங்கள் நாலு பேரும் சொன்னதை மட்டும் செய்கிறவர்களாகிவிட்டோம் (அதற்குச் சோம்பேறிகள் என்ற பேர் வேறு).

பிறகுதான் வெள்ளிக்கிழமை தோறும் எந்தக் கணக்கில் எவ்வளவு வந்தது என்று மனேஜருக்கு மூன்று வரி மெயில் போட்டேன், பிராந்திய மனேஜருக்கும் ஒரு பிரதி. குறை எதுவும் எழுதவில்லை, கணக்கு மட்டும். இரண்டாம் மாதமே என் பெயர் சரியாக வாசிக்கப்பட்டது, எங்கள் மனேஜர் முகம்தான் கொஞ்சம் கறுத்தது. சரி, கறுக்கட்டும். நீங்களும் இந்த வெள்ளியே தொடங்குங்கள்.